எழுதத் தெரிந்தவர் மறுக்கலாகாது

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுக்கு நபித்துவம் அருளப்படுவதற்கு முன் மக்காவில் நடந்த நிகழ்ச்சி இது. யமன் நாட்டு ஸபீத் என்னும் ஊரிலிருந்து வணிகர் ஒருவர் சரக்கோடு வந்தார். குறைஷியரில் செல்வாக்கு மிகுந்த ஆஸ் இப்னு வாயில் என்பவர் சரக்கை வாங்கிக் கொண்டு விலையைக் கொடுக்க மறுத்து விட்டார். வந்தவரோ வெளியூர்க்காரர். பெரிய குடும்பங்கள் சிலவற்றிடம் போய் முறையிட்டார். ஆஸைப் பகைத்துக் கொள்ள அவர்களுக்கு மனமில்லை. வேறு வழியின்றி அபூகுபைஸ் மலைமீது ஏறி நின்று, கஃபாவைச் சுற்றி மக்கள் அமர்ந்திருந்த வேளையில் தம் குறையை உரக்கச் சொன்னார்.

அக்குரல் சிலருடைய உள்ளத்தைத் தைத்தது. அப்துல்லாஹ் இப்னு ஜுத்ஆன் என்பவரின் வீட்டில் அவர்கள் கூடினார்கள். உள்ளூராரோ வெளியூராரோ, மக்காவில் அநீதிக்கு ஆளானவர் யாராயினும் அவருடைய ஹக்கு அவர் கைக்கு வரும்வரை அவர் பக்கம் நிற்பது என்று உடன்படிக்கை செய்து கொண்டார்கள். வணிகருக்கு வரவேண்டியது பெற்றுக் கொடுக்கப்பட்டது. இதுவே ஹில்ஃபுல் ஃபுளூல் எனப்படும் ஒப்பந்தம். இளமைப் பருவத்தில் நபியவர்களும் இதில் கலந்து கொண்டார்கள். பிற்காலத்தில் இதை நினைவு கூர்ந்து, செந்நிற ஒட்டகங்கள் கிடைப்பதாயினும் அந்த ஒப்பந்தத்தை விட்டுக்கொடுக்கத் தாம் விரும்பவில்லை என்றும், இஸ்லாம் வந்த பின்னரும் அத்தகைய காரியத்துக்கு அழைக்கப்பட்டால் தாம் இசைவதாகவும் கூறியதாக ஸீரா நூல்கள் தெரிவிக்கின்றன.

இங்கு நாம் கவனிக்க வேண்டியவை மூன்று. உதவி பெற்றவர் அந்நியர். எதிர்த்தரப்பில் நின்றவர் அவர்களுடைய சொந்தக் குலத்தவர். உதவியவர்கள் கூலி எதுவும் கேட்கவில்லை. ஏழைக்குச் சட்ட உதவி என்று இன்று நாம் சொல்வதன் சாரம் முழுவதும் இம்மூன்றில் அடங்கியிருக்கிறது.

வாக்கு வன்மை இல்லாதவர் நிலை

உம்மு ஸலமா (ரலி) அவர்கள் வாயிலாக புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் ஒரு ஹதீஸ் பதிவாகியுள்ளது. தாமும் ஒரு மனிதரே என்றும், வழக்குடன் வருபவர்களில் ஒருவர் மற்றவரைவிடத் தம் வாதத்தை எடுத்துரைப்பதில் வல்லவராக இருக்கக் கூடும் என்றும், கேட்டதை வைத்தே தாம் தீர்ப்பளிப்பதாகவும், அவ்வாறு பிறருடைய ஹக்கு ஒருவருக்குத் தீர்ப்பாகி விட்டால் அது அவருக்கு நெருப்புத் துண்டே என்றும் நபியவர்கள் எச்சரித்தார்கள்.

இந்த ஹதீஸைப் பெரும்பாலும் பொய் வழக்காடுபவருக்கு எச்சரிக்கையாகவே நாம் எடுத்துச் சொல்கிறோம். அதில் இன்னொரு பக்கமும் உண்டு. வாதத்தில் வல்லவர் ஒருவர் எதிரே நின்றால், வாயற்றவருடைய நியாயம் நீதிபதியின் காதுக்கு எட்டாமலே போகலாம். தீர்ப்பளிப்பவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும், அவர் முன் சொல்லப்படாத உண்மையை அவர் எப்படி அறிவார்? எனவே சொல்லத் தெரியாதவருக்குச் சொல்லத் தெரிந்தவர் துணை நிற்பது நீதிக்கே செய்யும் ஒத்தாசையாகும்.

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் (2:282) கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது பற்றியது என்பது நம்மில் பலரும் அறிந்ததே. அதில் எழுதுபவருக்கு ஒரு கட்டளை இருக்கிறது. அல்லாஹ் தனக்கு எழுத்தறிவைக் கற்றுத் தந்திருக்க, எழுத மறுக்கலாகாது என்பது அதன் கருத்து. கடன்பட்டவர் சொல்ல இயலாத பலவீனராக இருப்பின் அவருடைய பொறுப்பாளர் நீதமாகச் சொல்ல வேண்டும் என்றும், சாட்சிகள் அழைக்கப்பட்டால் வர மறுக்கலாகாது என்றும் அதே வசனம் கூறுகிறது. எழுத்து நமக்குக் கிடைத்த அமானிதம். தெரியாதவருக்கு அதிலிருந்து கொடுத்தாக வேண்டும் என்ற பாடத்தை இதிலிருந்து நாம் பெறுகிறோம்.

தாமிரபரணிக் கரையில்

இந்தப் பாடத்தை நம் ஊர்களில் வைத்துப் பார்ப்போம். மேலப்பாளையம், முக்கூடல், கடையநல்லூர்ப் பகுதிகளில் பீடி சுற்றியே குடும்பத்தைத் தாங்கும் தாய்மார்கள் பலர். அவர்களில் ஒருவருடைய பெயர் வேலைக்கான பாஸ்புத்தகத்தில் பாத்துமுத்து என்றும், ஆதார் அட்டையில் பாத்திமா முத்து என்றும் இருக்கும். கணவர் பெயர் ஓர் இடத்தில் மைதீன், இன்னோரிடத்தில் முகைதீன், மூன்றாவது இடத்தில் மொஹிதீன். பேசும்போது எல்லாம் ஒன்றுதான். வருங்கால வைப்பு நிதியைக் கேட்டுப் போகும்போது மூவரும் வெவ்வேறு ஆட்களாகி விடுகிறார்கள். ஒரு மனுவும் ஓர் உறுதிமொழிப் பத்திரமும் தீர்த்து வைக்கக் கூடிய இக்காரியத்துக்காக ஆண்டுக்கணக்கில் அலைந்து, கடைசியில் கைவிட்டவர்கள் உண்டு.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையை நாம் மறந்திருக்க முடியாது. காயல்பட்டினத்தில் மட்டும் 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. ஆறு கரை புரண்டு வீடுகளுக்குள் வந்தபோது பாத்திரம் பண்டங்களோடு பத்திரங்களும் நனைந்து போயின. வீட்டுப் பத்திரம் இல்லாதவர், தம் வீட்டிலேயே அயலார் போல் ஆகிவிடும் அபாயம் உண்டு.

இவற்றைவிட நெஞ்சை உலுக்கும் நிகழ்ச்சி ஒன்று 2017 அக்டோபர் 23 அன்று நடந்தது. கந்துவட்டிக் கொடுமை தாளாமல், காசிதர்மத்தைச் சேர்ந்த கூலித் தொழிலாளி ஒருவர் மனைவியோடும் இரு பெண் குழந்தைகளோடும் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வளாகத்திலேயே உயிரை மாய்த்துக் கொள்ள முற்பட்டு, நால்வரும் இறந்து போயினர். அதற்கு முன் பலமுறை மனுக் கொடுத்தவர் அவர். உயிரை மாய்த்துக் கொள்வதை நம் மார்க்கம் கடுமையாகத் தடுக்கிறது. ஆயினும் ஒரு குடும்பம் அந்த விளிம்புக்குத் தள்ளப்படும் வரை அதன் அருகில் நின்றவர் யார் என்ற கேள்வி நம் எல்லாரையும் நோக்கியதே.

அந்தக் குடும்பத்தைக் காக்கச் சட்டம் இல்லாமல் இல்லை. தமிழ்நாட்டில் 2003-ல் இயற்றப்பட்ட கந்துவட்டித் தடைச் சட்டம் தின வட்டி, மணி வட்டி, கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் ஆகியவற்றைப் பெயர் சொல்லியே தடுக்கிறது. மீறுவோருக்கு 3 ஆண்டு வரை சிறையும் 30,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. கடன்பட்டவர் தாம் தரவேண்டிய தொகையை நீதிமன்றத்தில் கட்டிக் கடனைத் தீர்த்துக் கொள்ளவும் அதில் வழி இருக்கிறது. வெறும் மனுவோடு அலைபவருக்கும் இந்தச் சட்டத்துக்கும் இடையே வழி சொல்ல ஒருவர் வேண்டியிருக்கிறது. வட்டியை ஹராம் என்று மேடையில் முழங்கும் நாம், வட்டியில் சிக்கியவரைக் கைகொடுத்துத் தூக்கும் வழியையும் தெரிந்து வைத்திருக்க வேண்டாமா?

அரசு தரும் உதவி

ஏழைக்கு இலவசச் சட்ட உதவி அளிப்பது அரசின் கடமை என்று 1976-ல் செய்யப்பட்ட 42-வது திருத்தம் அரசியல் சட்டத்தில் 39-ஏ பிரிவாகச் சேர்த்தது. 1987-ல் சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம் இயற்றப்பட்டு, 1995 நவம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்தது. இதன்படி மாவட்டந்தோறும் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவும், வட்ட அளவில் வட்டச் சட்டப்பணிகள் குழுவும் நீதிமன்ற வளாகங்களில் இயங்குகின்றன.

யாருக்கெல்லாம் இந்த உதவி உண்டு? இதை வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் மனத்தில் பதித்துக் கொள்வது நல்லது. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள், வெள்ளம் போன்ற பேரிடர்களால் பாதிக்கப்பட்டவர்கள், ஆள் கடத்தலுக்கோ கட்டாய வேலைக்கோ ஆளானவர்கள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு உண்டு. இவர்களுக்கு வருமான வரம்பு கிடையாது. மற்றவர்களுக்கு மட்டுமே வருமான வரம்பு பார்க்கப்படும். அதற்கும் பொதுவாக ஓர் உறுதிமொழிப் பத்திரமே போதும். ஒரு பெண், அவர் பெண் என்ற ஒரே காரணத்தால் இலவச வக்கீலைக் கேட்கலாம் என்பது நம் வீடுகளில் எத்தனை பேருக்குத் தெரியும்?

உதவி என்பது வக்கீலோடு முடிவதில்லை. நீதிமன்றக் கட்டணம், மனு எழுதுதல், தீர்ப்பு நகல் பெறுதல் ஆகியவற்றின் செலவும் அதில் அடங்கும். 15100 என்ற தொலைபேசி எண்ணில் ஆலோசனை கேட்கலாம். இரு தரப்பும் இசைந்தால் மக்கள் நீதிமன்றத்தில் வழக்கை முடித்துக் கொள்ளலாம். அங்கு ஏற்படும் முடிவு நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம். அதன்மீது மேல்முறையீடு இல்லை. கட்டிய கட்டணமும் திரும்பக் கிடைக்கும். மேல்முறையீடு இல்லை என்பதால், சம்மதிக்கு முன் நன்கு விளங்கிக் கொள்வது அவசியம்.

சிறையில் இருப்பவருடைய குடும்பத்தாரும் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 479-வது பிரிவின்படி, விசாரணைக் கைதி ஒருவர் அக்குற்றத்துக்குரிய அதிகபட்சத் தண்டனையில் பாதிக் காலத்தைச் சிறையில் கழித்து விட்டால் ஜாமீனுக்கு உரியவராகிறார். முன்பு எக்குற்றத்துக்கும் தண்டனை பெறாதவராயின் மூன்றில் ஒரு பங்கு போதும். மரண தண்டனை, ஆயுள் தண்டனைக்குரிய குற்றங்களுக்கும், ஒன்றுக்கு மேற்பட்ட வழக்குகள் உள்ளவருக்கும் இது பொருந்தாது. பாளையங்கோட்டை மத்திய சிறையின் வாசலில் மனு பார்க்கக் காத்திருக்கும் தாய்க்கு இதை யாராவது சொல்லியாக வேண்டும்.

முன் சென்றவர்கள்

அன்றைய திருநெல்வேலி மாவட்டத்து ஒட்டப்பிடாரத்தில் 1895-ல் வக்கீல் தொழிலைத் தொடங்கிய வ.உ. சிதம்பரம் பிள்ளை அவர்கள், ஏழைகளின் வழக்குகளைப் பணம் பெறாமலே நடத்திக் கொடுத்தார்கள் என்பது வரலாறு. 1908-ல் திருநெல்வேலியில் தண்டிக்கப்பட்டுச் சிறை சென்று 1912-ல் மீண்டபோது, வக்கீல் தொழில் செய்யும் சன்னதும் அவர்களிடமிருந்து பறிபோயிருந்தது. பின்னாளில் வாலஸ் என்ற ஆங்கில நீதிபதியின் முயற்சியால் அது திரும்பக் கிடைத்தது. அந்த நன்றியை மறவாமல் தம் மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் சூட்டினார்கள். பிறருக்காகப் பேசியவருக்கு ஒரு நாள் பிறர் பேச வேண்டியிருந்தது. யாருக்கும் அந்த நாள் வரலாம்.

1979-ல் டில்லியில் கபிலா ஹிங்கோரானி என்ற பெண் வக்கீல், பீகார் சிறைகளைப் பற்றிப் பத்திரிகையில் வந்த செய்தியை வைத்துக் கொண்டு உச்ச நீதிமன்றத்தை அணுகினார். தங்கள் மீது சாட்டப்பட்ட குற்றத்துக்குரிய முழுத் தண்டனைக் காலத்தையும் தாண்டி, விசாரணையே இல்லாமல் அங்குப் பலர் அடைபட்டுக் கிடந்தனர். அவர்களில் ஒருவரான ஹுஸைனாரா காத்தூன் என்ற பெண்ணின் பெயராலேயே அவ்வழக்கு இன்றும் அறியப்படுகிறது. வக்கீல் வைக்க வசதியற்றவருக்கு இலவச வக்கீல் கிடைப்பது அவருடைய வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று அவ்வழக்கில் நீதிமன்றம் கூறியது. ஆயிரக்கணக்கானோர் விடுதலையாயினர்.

நம் தமிழ்நாட்டில் 1993-ல், இன்றைய கடலூர் மாவட்டத்து முதனை கிராமத்தைச் சேர்ந்த ராஜாக்கண்ணு என்ற ஏழைத் தொழிலாளி போலீஸ் காவலில் காணாமற் போனார். அவருடைய மனைவிக்காகக் கூலி பெறாமல் ஆட்கொணர்வு மனுவைச் சென்னை உயர்நீதிமன்றத்தில் நடத்தியவர் வக்கீல் கே. சந்துரு. பின்னாளில் அவரே அந்நீதிமன்றத்தின் நீதிபதியானார். 13 ஆண்டுகள் கழித்து, 2006-ல், குற்றம் செய்த காவலர்களுக்குத் தண்டனை உறுதியாயிற்று. இப்பணிக்குப் பொறுமையும் வேண்டும் என்பதற்கு இது சான்று.

நாம் செய்யக் கூடியவை

வக்கீல்களுக்கு மட்டும் உரிய பணி இது என்று எண்ணிவிட வேண்டாம். சட்டம் படிக்காதவரும் செய்யக் கூடியவை பல.

1. ஜமாஅத்தில் வாரம் ஒரு நாள், மத்ரஸாவின் ஒரு மூலையில், எழுதத் தெரிந்த இருவர் அமரலாம். ஓய்வு பெற்ற எழுத்தர் ஒருவரும், பெண்களின் குறையைக் கேட்கக் கல்லூரியில் படித்த சகோதரி ஒருவரும் போதும். வருபவர் முஸ்லிமா அல்லவா என்று கேட்க வேண்டியதில்லை.

2. வருபவர் சொல்வதைக் கேட்டு, என்று என்ன நடந்தது என்பதைத் தேதி வாரியாக ஒரு தாளில் எழுதிக் கொடுக்கலாம். இந்த ஒரு தாள் வக்கீலின் பாதி வேலையைக் குறைக்கும். காலக்கெடுவையும் நினைவூட்டலாம். கடன் பாக்கிக்கு வழக்குப் போடப் பொதுவாக 3 ஆண்டுதான் கெடு. நியாயம் இருந்தும் நாள் கடந்ததால் தோற்றவர் பலர்.

3. சட்டப்பணிகள் அலுவலகத்துக்கு உடன் செல்லலாம். தனியாகப் படியேற அஞ்சும் பெண்ணுக்கு, உடன் வரும் ஒரு ராத்தா பெரும் துணை.

4. நேரம் உள்ள இளைஞர்களும் பெண்களும் 'சட்டம் சார்ந்த தன்னார்வலர்' பணிக்கு மாவட்ட ஆணைக்குழுவில் விண்ணப்பிக்கலாம். 2009 முதல் நடைபெறும் இத்திட்டத்தில் பயிற்சியும் தரப்படுகிறது.

5. வக்கீலாக உள்ள சகோதரர்கள் ஆண்டுக்குச் சில வழக்குகளையேனும் கூலியின்றி எடுத்து நடத்தலாம். செல்வத்துக்கு ஸகாத் உண்டென்றால் கல்விக்கும் கொடுக்க வேண்டிய பங்கு இருக்கிறதல்லவா?

பேணுதல் வேண்டிய இடங்கள்

திருக்குர்ஆனில் துரோகிகளுக்காக வாதாடுவது தடுக்கப்பட்டுள்ளது (4:105). இவ்வசனம் இறங்கிய காரணத்தை விரிவுரையாளர்கள் பலர் குறிப்பிடுகின்றனர். தம்மைச் சேர்ந்த ஒருவன் திருடிய கவசத்தைப் பற்றிய பழியை ஒரு யூதர் மீது போட்டுவிட்டு, அவனுக்காக அவனுடைய உறவினர்கள் பரிந்து பேச வந்தனர். வஹீ இறங்கி யூதர் குற்றமற்றவர் என்பதை வெளிப்படுத்தியது. நம்மவர் என்பதற்காகப் பொய்க்குத் துணை போவது சட்ட உதவியாகாது. குற்றம் செய்தவருக்கும் நேர்மையான விசாரணைக்கு உரிமை உண்டு, அதற்கு உதவலாம். பொய்ச் சாட்சி தயார் செய்வதற்கு உதவலாகாது.

இன்னொன்று. ஜமாஅத்தில் சமாதானம் பேசுவது சிறந்த செயல். ஆனால் ஹராமை ஹலாலாக்கும் சமாதானம் செல்லாது என்பது ஹதீஸ். அடிபட்டு வந்த பெண்ணிடம் குடும்ப மானத்தைச் சொல்லி வாயடைப்பது சமாதானமாகாது. அவளுக்குச் சட்டத்தின் வாசலைக் காட்டுவதே நம் கடமை.

வருபவருடைய இரகசியத்தை வீட்டிலும் சொல்லலாகாது. அசல் பத்திரத்தை நாம் வாங்கி வைத்துக் கொள்ளாமல் நகலோடு நிறுத்திக் கொள்ள வேண்டும். வெற்றி நிச்சயம் என்று வாக்களிக்க வேண்டாம். வக்கீல் சொல்ல வேண்டியதை நாம் சொல்லவும் வேண்டாம். காரியம் முடிந்த பின் அன்போடு கொண்டு வரும் அன்பளிப்பையும் இன்முகத்தோடு மறுத்து விடுவதே பேணுதலானது. இன்று ஒருவர் கொடுத்ததைப் பார்த்து, கொடுக்க இயலாத மற்றொருவர் நாளை வரத் தயங்குவார்.

நல்ல காரியத்துக்காகப் பரிந்து பேசுபவருக்கு அதில் ஒரு பங்கு உண்டு என்பது இறைவாக்கின் கருத்து (4:85). பேசத் தெரிந்த நாவும் எழுதத் தெரிந்த கையும் நமக்கு இலவசமாகக் கிடைத்தவை. அபூகுபைஸ் மலைமீது ஏறி நிற்க எல்லோராலும் இயலாது. நம் தெருவில் மெல்லிய குரலில் முறையிடுபவரையும் கேட்கும் செவிகளை வல்ல நாயன் நமக்குத் தந்து, இப்பணியை இக்லாஸோடு செய்யும் நற்பேற்றையும் அருள்வானாக! ஆமீன்.